சமனில் முடிந்த ஆட்டத்துக்கு என்ன விலை?

2021ஆம் ஆண்டு ஜப்பானின் சென்ட்ரல் லீக் பேஸ்பால் சீசன் முடிந்தபோது ஹன்ஷின் டைகர்ஸ் அணி 77 ஆட்டங்களில் வென்றிருந்தது. யாகுல்ட் ஸ்வாலோஸ் அணி வென்றது 73. இரண்டு அணிகளும் ஆடியது தலா 143 ஆட்டங்கள்தான். லீக் சாம்பியன் யார் என்று கேட்டால், யாகுல்ட். (ஆமாம், சூப்பர் மார்க்கெட்டில் சின்னச் சின்ன பாட்டிலில் விற்கிறதே, அதே யாகுல்ட் கம்பெனியின் அணிதான்.)

நாலு வெற்றி குறைவாக வைத்திருந்த அணி முதலிடம் பிடித்தது எப்படி? முறைகேடு எதுவும் இல்லை. வழக்கமாக அங்கே ஆட்டம் சமனில் நின்றால் 12 இன்னிங்ஸ் வரை நீட்டிப்பார்கள். கொரோனா காரணமாக அந்த ஆண்டு 9 இன்னிங்ஸோடு கடையைக் கட்டிவிட்டார்கள். அதனால் சமனில் முடிந்த ஆட்டங்கள் குவிந்தன. யாகுல்ட்டுக்கு 18, ஹன்ஷினுக்கு 10. ஜப்பானில் வெற்றி சதவீதம் போடும்போது சமனான ஆட்டங்களை அப்படியே தூக்கி ஓரம் வைத்துவிடுவார்கள். வெற்றியை, வெற்றியும் தோல்வியும் சேர்ந்த தொகையால் வகுப்பார்கள். யாகுல்ட் 73 வெற்றி, 52 தோல்வி: 73ஐ 125ஆல் வகுத்தால் .584. ஹன்ஷின் 77 வெற்றி, 56 தோல்வி: 77ஐ 133ஆல் வகுத்தால் .579. முடிந்தது கதை.

இதையே அமெரிக்கக் கால்பந்துக்காரர்கள் கையில் கொடுத்திருந்தால் ஒவ்வொரு சமனையும் அரை வெற்றி என்று வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள். யாகுல்ட்: 73 கூட்டல் 9, ஆக 82. ஹன்ஷின்: 77 கூட்டல் 5, அதுவும் 82. இரண்டையும் 143ஆல் வகுத்தால் இருவருக்கும் .573. யானைக்கும் பானைக்கும் சரி! ஒரு சீசன் முழுக்க ஆடிய ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூட மாற்றாமல், வகுக்கும் முறையை மட்டும் மாற்றினால் சாம்பியன் பட்டமே தொங்கலில் நிற்கிறது.

வெற்றி சதவீதம் என்று யார் ஒரு எண்ணைச் சொன்னாலும் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதனால்தான்: சமனான ஆட்டத்தை என்ன செய்தீர்கள்? அதைச் சொல்லாத சதவீதம், எடைக்கல்லைக் காட்டாத தராசு.

மூன்று வழிகள், ஒரே கேப்டன்

பள்ளிக்கூடத்தில் படித்த பின்னத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. சமனான ஆட்டம் மேலே எவ்வளவு சேர்கிறது, கீழே சேர்கிறதா இல்லையா என்ற இரண்டு முடிவுகளில்தான் இந்த அத்தியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை வைத்தே பார்ப்போம். மகேந்திர சிங் தோனி 200 ஒருநாள் போட்டிகளில் இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்தார். 110 வெற்றி, 74 தோல்வி, 5 டை, 11 முடிவில்லாத ஆட்டங்கள்.

மேலே 110, கீழே 200 என்று போட்டால் 55 சதவீதம். டீக்கடையில் பேசும் கணக்கு இதுதான். இதில் டை ஆன ஆட்டமும் மழையில் கரைந்த ஆட்டமும் தோல்விக்குச் சமம். ஏனென்றால் கீழே எண்ணிக்கையைக் கூட்டுகின்றன, மேலே ஒன்றும் தருவதில்லை. மழை பெய்ததற்குக் கேப்டனைத் தண்டிக்கும் கணக்கு என்பதால் எனக்கு இது பிடிக்காது. ஆனால் கால்பந்து மேலாளர்களின் வெற்றி சதவீதம் இன்றும் பெரும்பாலும் இப்படித்தான் போடப்படுகிறது. டிராவுக்கு அங்கே சல்லிக்காசு கிடையாது.

ஜப்பான்காரர் பாணியில் டையையும் முடிவில்லாததையும் தள்ளிவிட்டால் மேலே 110, கீழே 184. விடை 59.78.

மூன்றாவது வழிதான் கிரிக்கெட் பதிவேடுகளில் நீங்கள் பார்ப்பது. முடிவில்லாத 11 ஆட்டங்களை எடுத்துவிட்டு, டை ஒவ்வொன்றுக்கும் அரை வெற்றி தருவார்கள். மேலே 112.5, கீழே 189. விடை 59.52. தோனியின் பெயருக்கு எதிரே அச்சாகும் எண் இதுதான்.

அந்த ஐந்தாவது டை கொஞ்சம் சுவையானது. 2018 செப்டம்பர் 25, துபாய், ஆசியக் கோப்பை. ரோகித் சர்மா ஓய்வெடுத்ததால் திடீரென்று தோனி மறுபடி கேப்டனானார். அதுதான் அவருடைய 200ஆவது ஆட்டம், கேப்டனாகக் கடைசி ஆட்டமும் அதுவே. ஆப்கானிஸ்தான் 252. இந்தியாவும் 252. ஒரு பந்து மிச்சமிருக்கும்போது ஜடேஜா அவுட். அந்த ஆட்டத்துக்கு முன் அவருடைய சதவீதம் 112ஐ 188ஆல் வகுத்தது, அதாவது 59.57. டை ஆன பிறகு 59.52. தோற்கவில்லை, ஆனாலும் சதவீதம் இறங்கியது.

ஏன் இறங்கியது என்பது புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அரை வெற்றி என்பது 50 சதவீதம் மதிப்பெண். 59 வாங்கிக்கொண்டிருக்கும் மாணவன் ஒரு பாடத்தில் 50 வாங்கினால் சராசரி குறையத்தானே செய்யும்? அதே டை 40 சதவீதத்தில் தத்தளிக்கும் அணிக்குக் கிடைத்தால் அதைத் தூக்கிவிடும். அரை வெற்றி முறையில் சமன் ஒவ்வொன்றும் எல்லா அணிகளையும் 50ஐ நோக்கி இழுக்கும், மேலே இருப்பவரைக் கீழே, கீழே இருப்பவரை மேலே.

தள்ளிவிடும் முறை இதற்கு நேரெதிர் என்று பலர் நினைக்கிறார்கள். 'சமனுக்கு மதிப்பே இல்லை, அதனால் யாருக்கும் லாபமும் இல்லை நட்டமும் இல்லை' என்பார்கள். அது அவ்வளவு சரியில்லை. யாகுல்ட்டின் 18 சமன்களை .584ஆல் பெருக்குங்கள், சுமார் 10.5 வரும். அதை 73உடன் கூட்டி 143ஆல் வகுத்தால் மறுபடியும் அதே .584. அதாவது, 'இந்த அணி மற்ற ஆட்டங்களில் எந்த விகிதத்தில் வென்றதோ, சமனான ஆட்டங்களையும் அதே விகிதத்தில் வென்றிருக்கும்' என்று வைத்துக்கொள்வதும், சமன்களைத் தள்ளிவிடுவதும் ஒன்றுதான். அப்படியானால் பலமான அணிக்கு ஒரு சமன் .584 வெற்றி. எதிரே ஆடிய .400 அணிக்கு அதே சமன் .400 வெற்றி. ஒரே மைதானத்தில், ஒரே ஸ்கோரில் முடிந்த ஆட்டத்துக்கு இருவருக்கும் வெவ்வேறு கூலி. இருப்பவனுக்கே கூடுதலாகக் கொடுக்கும் இந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டு முறையைத் தேர்ந்தெடுப்பது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

1932: சர்க்கஸ் மண்ணில் ஒரு தீர்ப்பு

தெரியாமல் மாட்டிக்கொண்டதற்கு நல்ல உதாரணம் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல். அங்கே 1971 வரைக்கும் சமனான ஆட்டங்களைத் தள்ளிவிடும் வழக்கம்தான் இருந்தது. 1972இல்தான் சமன் என்றால் அரை வெற்றி, அரை தோல்வி என்று மாற்றினார்கள்.

அதற்கு 40 ஆண்டுகள் முன்னால், 1932 சீசன். அப்போது இறுதிப்போட்டி என்று ஒன்று கிடையாது. சீசன் முடிவில் யாருக்குச் சதவீதம் அதிகமோ அவர்தான் சாம்பியன். முந்தைய மூன்று ஆண்டுகளும் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கே பட்டம். அந்த ஆண்டும் அவர்கள் 10 வெற்றி, 3 தோல்வி, 1 சமன் என்று அமர்க்களமாக ஆடியிருந்தார்கள். சிகாகோ பேர்ஸ் வென்றது வெறும் 6, தோற்றது 1, சமன் 6. முதல் மூன்று ஆட்டங்களும் 0-0. போர்ட்ஸ்மவுத் ஸ்பார்ட்டன்ஸ் 6 வெற்றி, 1 தோல்வி, 4 சமன்.

சமனைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். பேர்ஸ் 6ஐ 7ஆல் வகுத்தது, .857. ஸ்பார்ட்டன்ஸும் 6ஐ 7ஆல் வகுத்தது, .857. பேக்கர்ஸ் 10ஐ 13ஆல் வகுத்தது, .769. பத்து ஆட்டம் வென்ற அணி மூன்றாவது. ஆறு ஆட்டம் வென்றவர்கள் இருவரும் முதலிடத்தில் தோளோடு தோள்.

இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க டிசம்பர் 18ஆம் தேதி கூடுதலாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். சிகாகோவில் கடும் பனி. வெளியே ஆட முடியாமல் சிகாகோ ஸ்டேடியம் என்ற உள்ளரங்கத்துக்குள் போனார்கள். சற்று முன்னர் சர்க்கஸ் நடந்த இடம், தரையில் அதற்குப் போட்ட மண் கிடந்தது. 100 கெஜம் இருக்க வேண்டிய ஆடுகளத்துக்கு 80 கெஜம்தான் இடமிருந்தது. ஸ்பார்ட்டன்ஸின் நட்சத்திரம் டச்சு கிளார்க் வரவே இல்லை, கல்லூரி ஒன்றில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலைக்குப் போய்விட்டார். பேர்ஸ் 9-0 என்று வென்றது.

கணக்கில் அந்த ஆட்டமும் சேர்ந்தது. பேர்ஸ் 7ஐ 8ஆல் வகுத்து .875, சாம்பியன். ஸ்பார்ட்டன்ஸ் 6ஐ 8ஆல் வகுத்து .750. பட்டத்துக்காக ஆடப்போன அணி, தோற்ற ஒரே காரணத்தால் பேக்கர்ஸுக்கும் கீழே மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது!

இப்போது 1972 விதியை அங்கே கொண்டுபோய்ப் பொருத்துங்கள். கூடுதல் ஆட்டத்துக்கு முன்னால் பேக்கர்ஸ் 10.5ஐ 14ஆல் வகுத்தது, .750. ஸ்பார்ட்டன்ஸ் 8ஐ 11ஆல் வகுத்தது, .727. பேர்ஸ் 9ஐ 13ஆல் வகுத்தது, .692. வரிசை தலைகீழ். சர்க்கஸ் மண் தேவைப்பட்டிருக்காது. பேக்கர்ஸ் தொடர்ந்து நாலாவது பட்டத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கும். அந்தக் கூடுதல் ஆட்டத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்துத்தான் 1933 முதல் லீக்கை இரண்டு பிரிவாகப் பிரித்து, இறுதிப்போட்டி வைக்கத் தொடங்கினார்கள். பழைய பட்டத்தைப் புது விதியால் திருத்தவில்லை. அது சரிதான் என்பது என் எண்ணம். ஆடியவர்கள் எந்த விதியை நம்பி ஆடினார்களோ, அதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அரை வெற்றி வந்த பிறகு சமன் என்பது கையில் இருக்கும் சில்லறை மாதிரி ஆகிவிட்டது. எப்போது உதவும் என்று சொல்ல முடியாது. 2008 நவம்பரில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியும் சின்சினாட்டி பெங்கால்ஸும் கூடுதல் நேரம் ஆடியும் 13-13 என்று நின்றன. ஆட்டம் முடிந்ததும் ஈகிள்ஸின் டொனோவன் மெக்நாப், இப்படிச் சமனில் ஓர் ஆட்டம் முடியும் என்பதே தனக்குத் தெரியாது என்று சொல்லி ஊர் சிரிக்க நின்றார். ஆனால் சீசன் முடிவில் ஈகிள்ஸ் 9-6-1. அதாவது 9.5ஐ 16ஆல் வகுத்து .594. டல்லஸ், தம்பா பே, சிகாகோ மூன்றும் 9-7, சதவீதம் .563. கேலிக்கு ஆளான அந்த அரை வெற்றிதான் ஈகிள்ஸை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோனது.

2021 சீசனின் கடைசி நாள் இன்னும் விசித்திரம். ரெய்டர்ஸும் சார்ஜர்ஸும் லாஸ் வேகஸில் மோதின. ஆட்டம் சமனில் முடிந்தால் இரண்டு அணிகளுமே உள்ளே, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் வெளியே. கூடுதல் நேரத்தில் 32-32. இரண்டு பேரும் பேசாமல் நின்றாலே போதும் என்ற நிலை. கடைசி விநாடியில் ரெய்டர்ஸின் டேனியல் கார்ல்சன் உதைத்த ஃபீல்டு கோல் உள்ளே போனது, 35-32. சார்ஜர்ஸ் 9-8, .529 என்று வெளியேறியது. ஸ்டீலர்ஸ் 9-7-1, .559 என்று உள்ளே போனது. அந்த '1', நவம்பரில் அதுவரை ஒரு வெற்றிகூடப் பெறாத டெட்ராய்ட் லயன்ஸிடம் 16-16 என்று அவமானமாகக் கருதப்பட்ட சமன்.

அரை என்பது சட்டமா?

சமனுக்குப் பாதி என்பது இயற்கை நியதி போலத் தோன்றும். அப்படி இல்லை. இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில் வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1 என்று இருந்ததை 1981இல் வெற்றிக்கு 3 என்று மாற்றினார்கள். உலகக் கோப்பையில் அது 1994இல் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் வெற்றியின் மதிப்பைக் கூட்டியது மாதிரி இருக்கும். உண்மையில் டிராவின் மதிப்பு அரையிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. இரண்டு அணியும் டிரா செய்தால் 3 புள்ளியில் 2தான் பங்கிடப்படும். ஒரு புள்ளி ஆவியாகிவிடும். மந்தமாக ஆடி டிராவுக்கு ஒதுங்குகிறவர்களுக்கு வைத்த அபராதம் அது.

புரோ கபடியில் பல சீசன்களில் இருந்த முறை இதற்கு மாறானது. வெற்றிக்கு 5, டைக்கு ஆளுக்கு 3. ஆக டை ஆனால் 6 புள்ளி வெளியே வரும். அங்கே சமன் என்பது பாதியைவிடக் கூடுதல். தமிழ் தலைவாஸ் ரசிகர்கள் அந்த மூன்று புள்ளியை எப்படியெல்லாம் எண்ணியிருப்பார்கள் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஓர் அணியின் ஒரே சீசனுக்கு எத்தனை சதவீதம் வரும் என்று பார்க்க 2003-04 ஆர்சனலை எடுங்கள். 38 ஆட்டம், 26 வெற்றி, 12 டிரா, தோல்வியே இல்லை. எல்லா ஆட்டத்தாலும் வகுத்தால் 68.4. டிராவுக்கு அரை வைத்தால் 84.2. 3-1 புள்ளிக் கணக்கில் 114க்கு 90, அதாவது 78.9. டிராவைத் தள்ளிவிட்டால் 26க்கு 26, நூற்றுக்கு நூறு. நாலும் சரியான கணக்கு. ஆர்சனல் ரசிகர் எதைச் சொல்வார், எதிரணி ரசிகர் எதைச் சொல்வார் என்பது உங்கள் ஊகத்துக்கு.

கிரிக்கெட்டின் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பும் மூன்றில் ஒன்று என்ற பக்கம்தான் சாய்ந்தது. இப்போது வெற்றிக்கு 12, டைக்கு 6, டிராவுக்கு 4. எடுத்த புள்ளியை எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளியால் வகுத்துச் சதவீதம் போடுகிறார்கள். அணிகள் ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கை சமமாக இல்லாததால் வேறு வழியும் இல்லை. 2023-25 சுற்றில் தென்னாப்பிரிக்கா 12 டெஸ்ட் ஆடி 8 வெற்றி, 3 தோல்வி, 1 டிரா. 144க்கு 100 புள்ளி, 69.44. முதலிடம். ஆஸ்திரேலியா 19 டெஸ்ட், 13 வெற்றி, 4 தோல்வி, 2 டிரா. இயல்பாகப் பார்த்தால் 228க்கு 164, அதாவது 71.93. அப்படியானால் முதலிடம் ஆஸ்திரேலியாவுக்கு அல்லவா? ஓவர்களை மெதுவாக வீசியதற்காக 10 புள்ளி பிடித்துவிட்டார்கள். 154ஐ 228ஆல் வகுத்து 67.54, இரண்டாமிடம். அந்த 10 புள்ளி போனது 2023 ஆஷஸில் மழை குறுக்கிட்டு டிராவான மான்செஸ்டர் டெஸ்டில். டிராவுக்கு வந்தது 4, அபராதம் 10. ஐந்து நாள் உழைத்து வீட்டுக்குக் கொண்டுபோனது மைனஸ் 6.

ஆகவே புள்ளிச் சதவீதத்தை வெற்றிச் சதவீதம் என்று எழுதாதீர்கள். 67.54 என்பது ஆஸ்திரேலியா எத்தனை ஆட்டம் வென்றது என்று சொல்லும் எண் அல்ல. அதில் அபராதமும் கலந்திருக்கிறது.

டை வேறு, டிரா வேறு

கிரிக்கெட்டில் மட்டும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். டெஸ்டில் நேரம் தீர்ந்துபோய் முடிவு எட்டாமல் நின்றால் டிரா. கடைசியாக ஆடும் அணி ஆல் அவுட் ஆகி, இரு அணிகளின் மொத்த ரன்னும் சமமாக இருந்தால்தான் டை. அப்படிப்பட்ட டெஸ்டுகள் வரலாற்றில் இரண்டே இரண்டு. முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில். இரண்டாவது நம் சேப்பாக்கத்தில், 1986 செப்டம்பரில். ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574, பிறகு 5 விக்கெட்டுக்கு 170. இந்தியா 397, பிறகு 347. கூட்டிப் பாருங்கள், இரு பக்கமும் 744. சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் அடித்த 210ஐயும், கடைசி ஓவரில் மணிந்தர் சிங்குக்குக் கொடுத்த எல்பிடபிள்யூவையும் பற்றி இன்னும் பேசித் தீரவில்லை. இன்றைய புள்ளி முறையில் அந்த ஆட்டத்துக்கு ஆளுக்கு 6. மணிந்தர் அந்தப் பந்தைத் தடுத்து, மிச்சமிருந்த பந்தையும் தாக்குப்பிடித்திருந்தால் ஸ்கோர் அதேதான், ஆனால் அது டிரா, ஆளுக்கு 4.

சூப்பர் ஓவர் வந்த பிறகு இன்னொரு சிக்கல். 2019 ஜூலை 14, லார்ட்ஸ், உலகக் கோப்பை இறுதிப்போட்டி. இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 241. சூப்பர் ஓவரிலும் 15-15. பவுண்டரி எண்ணிக்கையில் 26க்கு 17 என்று கோப்பை இங்கிலாந்துக்கு. ஆனால் பதிவேட்டில் அந்த ஆட்டம் டை. அதாவது மேலே சொன்ன அரை வெற்றிக் கணக்கில், உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் மார்கனுக்கு இறுதிப்போட்டியிலிருந்து கிடைத்தது அரை வெற்றி. தோற்றதாக உலகம் எண்ணும் நியூசிலாந்துக் கேப்டன் வில்லியம்சனுக்கும் அதே அரை. நீங்கள் பட்டியல் தயாரிக்கும்போது சூப்பர் ஓவர் வெற்றியை வெற்றிக் கட்டத்தில் போடுவதா, டைக் கட்டத்தில் போடுவதா என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

சதுரங்கத்தில் சமன் என்பது விதிவிலக்கே அல்ல, அன்றாடச் சாப்பாடு. அங்கே அரைப் புள்ளி முறை நூறாண்டுக்கும் மேலாகப் பழகிப்போன ஒன்று. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னைப் பையன் குகேஷ் உலக சாம்பியனானபோது டிங் லிரெனுக்கு எதிராக ஆடிய 14 ஆட்டங்களில் வென்றது 3, தோற்றது 2, டிரா 9. டீக்கடைக் கணக்கில் அவருடைய வெற்றி 21.4 சதவீதம். உலக சாம்பியனுக்கு 21! தள்ளிவிடும் கணக்கில் 60. அரைப்புள்ளிக் கணக்கில் 14க்கு 7.5, சுமார் 53.6. மிக நெருக்கமாக நடந்த அந்தப் போட்டியின் உண்மை நிறத்தைக் காட்டுவது மூன்றாவது எண்தான்.

தள்ளிவிடும் முறை முற்றிலும் உடைந்துபோகும் இடமும் சதுரங்கத்தில்தான் இருக்கிறது. 2018இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 ஆட்டங்களும் டிரா. மேலே 0, கீழே 0. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் விடையே கிடையாது. கணினியில் அட்டவணை போட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் பிழை என்று வந்து நிற்கும். சீசன் தொடக்கத்தில் முதல் ஆட்டமே டிரா ஆன சிறு லீக்குகளிலும் இது நடக்கும். அந்தக் கட்டத்தில் 0 என்று போடாமல் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அந்த அணி எதையும் தோற்கவில்லையே!

பட்டியல் போடுகிறவர் கவனத்துக்கு

முதல் கண்ணி, எண்களின் வரிசை. அமெரிக்காவில் 9-6-1 என்றால் வெற்றி, தோல்வி, சமன். கால்பந்தில் 26-12-0 என்றால் வெற்றி, டிரா, தோல்வி. தோல்வியே அறியாத ஆர்சனலை அமெரிக்கக் கண்ணால் படித்தால் 12 ஆட்டம் தோற்ற அணியாகிவிடும். கட்டத்தின் தலைப்பில் எது எது என்று எழுதாமல் வெறும் எண்களை வரிசையாகப் போடாதீர்கள்.

அடுத்தது புள்ளி. பேஸ்பாலிலும் என்எஃப்எல்லிலும் சதவீதம் என்று பெயர் வைத்துக்கொண்டு .584 என்று பின்னமாக எழுதுவார்கள். நூறால் பெருக்கியிருக்க மாட்டார்கள். இதைப் பார்த்து '.584 சதவீதம்' என்று எழுதினால் ஆயிரம் ஆட்டம் ஆடி ஆறு வென்ற அணி என்று பொருளாகிவிடும். ஒன்று .584, இல்லையென்றால் 58.4 சதவீதம்.

மூன்று தசமத்தில் சுருக்கும்போது இரு அணிகள் ஒன்றுபோலத் தெரியலாம். அப்போது கால்குலேட்டரை நம்பாமல் குறுக்கே பெருக்குங்கள். யாகுல்ட்டின் 73ஐ ஹன்ஷினின் 133ஆல் பெருக்கினால் 9,709. ஹன்ஷினின் 77ஐ யாகுல்ட்டின் 125ஆல் பெருக்கினால் 9,625. எது பெரிதோ அந்த அணி முன்னால். தசமமே வராது, சுருக்கலும் வராது.

பல சீசன்களைச் சேர்க்கும்போது சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முதல் ஆண்டு 10க்கு 9, அதாவது 90. அடுத்த ஆண்டு 40க்கு 10, அதாவது 25. சராசரி 57.5 என்று சொன்னால் பொய். மொத்தம் 50க்கு 19, 38 சதவீதம். மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை வகுக்க வேண்டும். முதல் ஆண்டில் டிராவை அரை வெற்றியாகவும் அடுத்த ஆண்டில் தள்ளிவிட்டும் போட்ட பட்டியல்களைச் சேர்ப்பது இன்னும் மோசம். மூல எண்ணிக்கைக்குத் திரும்பிப் போய் ஒரே முறையில் மறுபடி போடுங்கள்.

கைவிடப்பட்ட ஆட்டத்தை டிராவோடு சேர்க்காதீர்கள். டிரா என்பது ஆடி வந்த முடிவு. மழையால் நின்றது முடிவே இல்லாதது. புள்ளிப் பட்டியலில் இரண்டுக்கும் ஆளுக்கொரு புள்ளி தரும் லீக்குகள் உண்டு என்றாலும், சதவீதம் போடும்போது இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு ஹாக்கி லீக்குக்கு நான் ஸ்கோர் ஷீட் எழுதிக்கொண்டிருந்தேன். நோட்டீஸில் 'வெற்றி சதவீதப்படி முதலிடம்' என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். 12 ஆட்டம் முடிந்தபோது ஓர் அணி 6 வெற்றி, 2 தோல்வி, 4 டிரா. இன்னோர் அணி 8 வெற்றி, 3 தோல்வி, 1 டிரா. முதல் அணியின் கேப்டன் டிராவைத் தள்ளிவிட்டு 75க்கு 72.7 என்றார். இரண்டாம் அணியின் கேப்டன் அரை வெற்றி வைத்து 70.8க்கு 66.7 என்றார். இருவர் கையிலும் நான் எழுதிய ஒரே ஷீட். இருவர் கணக்கிலும் தப்பு இல்லை. 'அண்ணே, நீங்களே சொல்லுங்க' என்று இரண்டு பேரும் என்னிடம் திரும்பினார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். கோப்பையை அந்த ஆண்டு ஆறு மாதம் ஆறு மாதமாக வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு நோட்டீஸில் நான் எழுதிக் கொடுத்த வரிகளை அப்படியே தருகிறேன். வேண்டியதை மாற்றிக்கொண்டு நீங்களும் பயன்படுத்தலாம்: 'வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை, தோல்விக்கு 0. மொத்தத்தை முடிவு தெரிந்த ஆட்டங்கள், டிராக்கள் இரண்டும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கைவிடப்பட்ட ஆட்டம் கணக்கில் சேராது. ஷூட் அவுட் வெற்றி முழு வெற்றி. சதவீதம் சமமானால் இரு அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டத்தின் முடிவு. அதுவும் டிரா என்றால் கோல் வித்தியாசம். அதுவும் சமமானால் மறுநாள் காலை 7 மணிக்கு மறு ஆட்டம்.'